தபாலில் வருகிறது புற்றுநோய்ப் பரிசோதனை!

இங்கிலாந்தில் வீடு தேடி வரும் சிறு குழாய் சொல்லும் பாடம் என்ன?

1985-ம் ஆண்டு ஜூலை மாதம்.

அமெரிக்க ஜனாதிபதி ரொனால்டு ரீகன், பெதஸ்டா நகரில் உள்ள கடற்படை ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 74. அவர் படுத்த படுக்கையாகப் போகவில்லை. வழக்கம்போல் அலுவல்களைக் கவனித்து வந்தவர்தான். குடலில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்த ஒரு சிறு சதை முளையை எடுத்துக்கொள்ளவே போனார்.

அந்த முளையை எடுத்த டாக்டர்கள், குழாயை மேலும் உள்ளே செலுத்திக் குடல் முழுவதையும் பார்த்தார்கள். அங்கே இன்னொரு முளை இருந்தது! முதல் முளையைவிட அது மிகப் பெரியது.

மறுநாளே ஆபரேஷன் நடந்தது. குடலில் சுமார் இரண்டு அடி நீளத்தை வெட்டி எடுத்தார்கள். அந்தச் சில மணி நேரத்துக்கு, ஜனாதிபதியின் அதிகாரத்தைத் துணை ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் ஏற்றிருந்தார்.

வெட்டி எடுத்த முளையைச் சோதித்தபோது, அதில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது.

பிறகு ரீகன் என்ன ஆனார்? 1989-ம் ஆண்டு வரை பதவியில் இருந்தார். 2004-ம் ஆண்டில், தம் 93-வது வயதில்தான் காலமானார். குடலில் வந்த புற்றுநோய் அவர் உயிரைப் பறிக்கவில்லை. நோய் பரவுவதற்கு முன்பே அது பிடிபட்டுவிட்டது.

ஜனாதிபதிக்குக் கூடவே டாக்டர்கள் இருக்கிறார்கள். சாதாரண மனிதனுக்கு யார் இருக்கிறார்கள்? பஸ் டிரைவரின் குடலையும், தையல் வேலை செய்யும் பெண்ணின் குடலையும் யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்விக்குப் பல நாடுகள் விடை தேடின. இங்கிலாந்து கண்ட விடை விசித்திரமானது. அந்த வேலையைத் தபால்காரரிடம் ஒப்படைத்துவிட்டது!

சத்தம் போடாத நோய்

மனிதனின் பெருங்குடல் சுமார் 5 அடி நீளம். அதன் கடைசிப் பகுதிக்கு மலக்குடல் என்று பெயர். இந்த இரண்டிலும் வரும் புற்றுநோயைச் சேர்த்தே டாக்டர்கள் குடல் புற்றுநோய் என்கிறார்கள்.

உலகில் இது மிகச் சாதாரணமான நோய் ஆகிவிட்டது. 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் வந்தது. அதே ஆண்டில் சுமார் 9 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். புற்றுநோய்களில் அதிக உயிர்களைக் குடிப்பது நுரையீரல் புற்றுநோய். அதற்கு அடுத்த இடம் குடல் புற்றுநோய்க்குத்தான்.

பிரிட்டனில் ஆண்டுதோறும் சுமார் 44 ஆயிரம் பேருக்கு இந்த நோய் வருகிறது. சுமார் 17 ஆயிரம் பேர் இறக்கிறார்கள்.

இந்த நோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. முதலில் குடலின் உட்புறச் சுவரில் ஒரு சிறு சதை முளை தோன்றுகிறது. இதற்கு "பாலிப்" என்று பெயர். பெரும்பாலான முளைகள் எந்தத் தீங்கும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். சில முளைகள் மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறும். அப்படி மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் போலப் பிடிக்கும்.

இந்தப் பத்து ஆண்டுகளும் மனிதனுக்கு வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. பசி குறையாது. அவன் பாட்டுக்கு வேலைக்குப் போவான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைப்பான். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும்.

நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்குமேல் உயிர் வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று மற்ற இடங்களுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால், பத்துப் பேரில் ஒருவர்தான் அவ்வளவு காலம் பிழைக்கிறார். இது இங்கிலாந்தில் கண்ட கணக்கு.

ஆகவே, வலி வந்த பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருப்பது ஆபத்து. நோய் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சொல்வது சுலபம். கோடிக்கணக்கான மக்களை எப்படிச் சோதிப்பது?

மரப் பிசின் காட்டிய வழி

வளரும் முளையிலிருந்தும், புற்றுநோய்க் கட்டியிலிருந்தும் அவ்வப்போது சிறிது ரத்தம் கசியும். அது மலத்தோடு கலந்து வெளியேறும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். அந்த ரத்தத்தைக் கண்டுபிடித்தால் போதும். திருடனின் காலடித் தடத்தைக் கண்டுபிடிப்பது போலத்தான்.

மேற்கிந்தியத் தீவுகளில் குவாயகம் என்று ஒரு மரம் இருக்கிறது. அந்த மரத்தின் பிசினைத் தடவிய அட்டையில் மலத்தைச் சிறிது பூசி, அதன்மேல் ஒரு ரசாயனத் திரவத்தைச் சொட்டு விட வேண்டும். ரத்தம் இருந்தால் அட்டை நீல நிறமாக மாறும்.

1967-ம் ஆண்டில், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த டேவிட் கிரீகர் என்ற டாக்டர் இந்த அட்டையை நோயாளிகளிடமே கொடுத்து அனுப்பினார். அவர்கள் வீட்டிலேயே மலத்தைப் பூசிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனை இப்படித்தான் பிறந்தது.

1969-ம் ஆண்டில் இன்னொரு முன்னேற்றம் ஏற்பட்டது. நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு டாக்டர்கள், வளையும் குழாய் ஒன்றைக் குடலுக்குள் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலேயே முளையை அறுத்து எடுத்தார்கள். அந்தக் குழாய்ப் பரிசோதனைக்குக் கொலனோஸ்கோப்பி என்று பெயர்.

ஒன்று, ஆபத்து இருப்பவர் யார் என்று காட்டும் அட்டை. மற்றொன்று, ஆபத்தை வேரோடு எடுக்கும் குழாய். இரண்டும் கிடைத்துவிட்டன.

ஆனால் உயிர் உண்மையிலேயே பிழைக்கிறதா? இதை நிரூபிக்க வேண்டாமா?

அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தில் 46 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. முடிவு 1993-ம் ஆண்டில் வெளியாயிற்று. பரிசோதனை செய்யாதவர்களில் 13 ஆண்டுகளில் ஆயிரத்துக்கு 9 பேர் குடல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். ஆண்டுதோறும் அட்டைப் பரிசோதனை செய்தவர்களில் ஆயிரத்துக்கு 6 பேர்தான் இறந்திருந்தார்கள். அதாவது, மூன்றில் ஒரு பங்கு சாவு குறைந்தது!

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பகுதியில் ஒன்றரை லட்சம் பேரை வைத்து இதே ஆராய்ச்சி நடந்தது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் சோதித்தார்கள். 1996-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, சாவு நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. டென்மார்க்கிலும் அதே ஆண்டில் ஏறக்குறைய இதே முடிவு வந்தது.

சந்தேகம் நீங்கியது. அரசாங்கங்கள் காரியத்தில் இறங்கின.

ஜப்பான் முந்திக்கொண்டது. 1992-ம் ஆண்டிலேயே 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாடு முழுவதும் இந்தப் பரிசோதனையைத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்து 2006-ம் ஆண்டிலும், ஸ்காட்லாந்து 2007-ம் ஆண்டிலும் தொடங்கின.

கூப்பிடாமலே வரும் கடிதம்

இங்கிலாந்தில் இது எப்படி நடக்கிறது?

50 முதல் 74 வயது வரை உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தபாலில் ஓர் உறை வருகிறது. யாரும் மனுப் போட வேண்டாம். வரிசையில் நிற்க வேண்டாம். டாக்டரிடம் பெயர் பதிந்திருந்தாலே போதும். ஒரு காசுகூடச் செலவில்லை.

உறைக்குள் விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதன் மூடியோடு சேர்ந்து ஒரு சிறு குச்சி இருக்கும். குச்சியின் நுனியால் மலத்தை லேசாகச் சுரண்டிக் குழாய்க்குள் செருகி மூடிவிட வேண்டும். அதைக் கூடவே வந்த உறையில் போட்டுத் தபால் பெட்டியில் போட வேண்டும். தபால் தலைகூட ஒட்டத் தேவையில்லை.

நாட்டில் ஐந்து இடங்களில் இதற்கென்று மையங்கள் இருக்கின்றன. குழாய்கள் அங்கே போய்ச் சேரும். இரண்டு வாரத்துக்குள் பதில் வந்துவிடும். பதில் போடாதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் போகும்.

நூறு பேரில் சுமார் 98 பேருக்கு, "இப்போதைக்கு மேற்கொண்டு சோதனை தேவையில்லை" என்று பதில் வரும். மீதி இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து, கொலனோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள்.

அந்த இரண்டு பேருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. மூலம் இருந்தாலும் ரத்தம் கசியும். அப்படி அழைக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. இன்னும் பலருக்கு முளைகள் இருக்கின்றன. முளைகளை அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். எடுத்த முளை எந்தக் காலத்திலும் புற்றுநோயாக மாற முடியாது.

ஏற்பாடு அருமையானதுதான். ஆனால் ஒரு பெரிய சிக்கல் முளைத்தது.

வெட்கம் என்ற எதிரி

குழாய் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைத் திருப்பி அனுப்புவது யார்?

ஆரம்பத்தில் இங்கிலாந்தில் மரப் பிசின் அட்டையைத்தான் அனுப்பினார்கள். மூன்று நாள் மலத்தை, நாளுக்கு இரண்டு இடமாக, ஆறு இடத்தில் பூச வேண்டும். பலருக்கு அருவருப்பு. பலருக்கு வெட்கம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். "இருப்பது தெரிந்துவிட்டால் என்ன செய்வது?" என்று பயந்து ஒளித்து வைத்தவர்களும் உண்டு. பத்துப் பேரில் நாலு பேர் பதிலே அனுப்பவில்லை.

எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. வசதியுள்ளவர்கள் அதிகமாக அனுப்பினார்கள். ஏழைகள் குறைவாக அனுப்பினார்கள். ஊர்களில் லண்டன்தான் கடைசி. கவென்ட்ரி வட்டாரத்தில் நடந்த முதல் வெள்ளோட்டத்தில், இந்தியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தினர், மற்றவர்களில் பாதியளவுதான் பரிசோதனையில் கலந்துகொண்டார்கள். இலவசமாக வாசலுக்கு வந்தும் பயன்படாமல் போயிற்று!

இதற்கு என்ன பரிகாரம்?

பரிசோதனையையே சுலபமாக்கினார்கள். மரப் பிசினுக்குப் பதில் வேறு ஒரு முறை வந்தது. இது மனித ரத்தத்தை மட்டும் இனம் கண்டுபிடிக்கும். சாப்பிட்ட இறைச்சியின் ரத்தத்தைப் பார்த்து ஏமாறாது. இதற்கு ஆறு இடத்தில் பூச வேண்டாம். ஒரே நாள், ஒரே ஒரு குச்சி போதும்.

2014-ம் ஆண்டில் இதை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார்கள். பழைய அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் நூற்றுக்கு 59 பேர். புதிய குழாயைத் திருப்பி அனுப்பியவர்கள் நூற்றுக்கு 66 பேர்! அதுவரை ஒரு தடவைகூடப் பதில் அனுப்பாதவர்களில், முன்னைவிட ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேர் அனுப்பினார்கள்.

மக்களின் மனம் மாறிவிடவில்லை. வேலை சுலபமாயிற்று, அவ்வளவுதான். 2017-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தும், 2019-ம் ஆண்டில் இங்கிலாந்தும் புதிய முறைக்கு மாறிவிட்டன.

வெட்கத்தைப் போக்கப் பிரபலமானவர்களும் உதவினார்கள். அமெரிக்க டெலிவிஷனில் புகழ் பெற்ற கேட்டி கூரிக் என்ற பெண்மணியின் கணவர், 1998-ம் ஆண்டில் 42 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். 2000-ம் ஆண்டில் அந்த அம்மையார் தமக்குக் கொலனோஸ்கோப்பி செய்வதை டெலிவிஷனிலேயே காட்டச் செய்தார். அதைப் பார்த்தபின், பரிசோதனைக்கு வருகிறவர்களின் தொகை அமெரிக்காவில் உயர்ந்தது.

இங்கிலாந்தில் டெபோரா ஜேம்ஸ் என்ற பள்ளி ஆசிரியைக்கு 35 வயதிலேயே இந்த நோய் வந்தது. அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ரேடியோவில் பேசினார், பத்திரிகைகளில் எழுதினார். மலத்தைப் பார்ப்பதற்கு வெட்கப்படாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். 2022-ம் ஆண்டில், 40-வது வயதில் இறந்தார். அவர் திரட்டிய நிதி பல லட்சம் பவுன்.

வலையின் கண் எவ்வளவு பெரியது?

பதில் நிறைய வந்தால் மட்டும் போதாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அதை ஹாலந்து நாட்டின் அனுபவம் காட்டுகிறது.

எவ்வளவு ரத்தம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைப்பது? இதற்கு ஓர் அளவு வைக்க வேண்டும். மீன் வலைக்குக் கண் வைப்பது போலத்தான். கண் சிறிதாக இருந்தால் குட்டி மீனும் சிக்கும். அதோடு குப்பையும் கூளமும் சிக்கும். கண் பெரிதாக இருந்தால் வலை இலேசாக இருக்கும். ஆனால் சில மீன்கள் தப்பிவிடும்.

ஹாலந்து 2014-ம் ஆண்டில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் ரத்தப்பொருள் இருந்தாலே அழைப்பது என்று முடிவு செய்தது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு.

என்ன ஆயிற்று? எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவர்கள் வலையில் சிக்கினார்கள். எல்லோருக்கும் கொலனோஸ்கோப்பி செய்ய ஆஸ்பத்திரிகளால் முடியவில்லை. சில மாதங்களிலேயே அளவை 47 மைக்ரோகிராம் என்று உயர்த்திவிட்டார்கள்.

ஸ்காட்லாந்து புதிய முறையைத் தொடங்கியபோது வைத்த அளவு 80. இங்கிலாந்து வைத்த அளவு 120!

ஒரே நோய், ஒரே குழாய். ஆனால் அளவு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு! ஏன்? குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் பழகிய டாக்டர்களும் நர்சுகளும் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதைப் பொறுத்து அளவு வைக்கப்படுகிறது. 120 என்று வைத்தால், 80 என்று வைத்தால் பிடிபடக்கூடிய சிலர் தப்பிப் போகிறார்கள். அந்தச் சிலரில் நோயுள்ளவர்களும் இருப்பார்கள்.

இதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல முடியுமா? அழைத்துவிட்டு ஆறு மாதம் காக்க வைப்பது அதைவிடக் கொடுமை அல்லவா? "உங்கள் மலத்தில் ரத்தம் இருக்கிறது" என்று கடிதம் போட்டுவிட்டு, "டாக்டர் இல்லை, காத்திருங்கள்" என்று சொன்னால் அந்தக் குடும்பம் எப்படித் தூங்கும்?

தபால் செலவு ஒன்றும் பெரிதல்ல. டாக்டர்களைத் தயார் செய்வதுதான் பெரிய செலவு.

சிறந்த கருவி தோற்ற கதை

"குடலையே நேராகப் பார்த்துவிடலாமே! ரத்தத்தைத் தேடுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தும் அப்படித்தான் நினைத்தது.

பேராசிரியை வெண்டி அட்கின் தலைமையில் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 55 முதல் 64 வயதுக்குள் ஒரே ஒரு தடவை, குடலின் கீழ்ப் பகுதியை மட்டும் சிறிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். 2010-ம் ஆண்டில் முடிவு வந்தது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் குடல் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சாவு நூற்றுக்கு 43 பங்கு குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அரசாங்கம் 2013-ம் ஆண்டில் அந்தப் பரிசோதனையைத் தொடங்கியது. 55 வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்தது. அழைத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை! செய்து பார்க்க ஆள்களும் போதவில்லை. 2021-ம் ஆண்டில் அது கைவிடப்பட்டது.

பெரிய கொலனோஸ்கோப்பிக்கும் இதே கதிதான். போலந்து, நார்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளில் 84 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-ம் ஆண்டில் வெளியாயிற்று. கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர்தான் வந்தார்கள். அழைக்கப்படாதவர்களில் பத்து ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கு 120 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அழைக்கப்பட்டவர்களில் 98 பேருக்கு வந்தது. சாவிலோ, சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் அந்தப் பத்து ஆண்டுகளில் தெரியவில்லை.

"இவ்வளவுதானா பலன்?" என்று பத்திரிகைகள் கேட்டன. ஆனால் வராதவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. மருந்தைக் குடிக்காதவனுக்கு மருந்து எப்படி வேலை செய்யும்?

2025-ம் ஆண்டில் ஸ்பெயினிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே 57 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பகுதியினரை ஒரு தடவை கொலனோஸ்கோப்பிக்கு அழைத்தார்கள். மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலப் பரிசோதனை. கொலனோஸ்கோப்பிக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 32 பேர். மலப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 40 பேர். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் சாவு ஏறக்குறைய ஒன்றுதான்!

விலை உயர்ந்த கருவிக்கு மலிவான குழாய் சரிசமமாக நின்றுவிட்டது. குழாய் உயர்ந்த கருவி என்பதால் அல்ல. அதை அதிகம் பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதால்தான்.

நஷ்டமே இல்லையா?

நோய் இல்லாதவரைச் சோதிப்பதில் நஷ்டமும் உண்டு. அதை மறைப்பது சரியல்ல.

ரத்தம் இருப்பதாகக் கடிதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனாலும் முடிவு தெரியும்வரை அவர்கள் கவலைப்படத்தான் செய்வார்கள். கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் பேதி மருந்து குடித்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழுவதும் உண்டு. ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே அப்படி நேருகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "ஒன்றும் இல்லை" என்ற பதிலை நம்பிச் சிலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். முளை எல்லா நாளும் ரத்தம் கசிவதில்லை. கசியாத நாளில் சோதித்தால் தெரியாது. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். நடுவில் ரத்தம் போனாலோ, வேறு கோளாறு தெரிந்தாலோ, அடுத்த உறை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இளைஞர்களையும் விடவில்லை

ஆரம்பத்தில் இங்கிலாந்தில் 60 வயதானவர்களைத்தான் சோதித்தார்கள். 2021-ம் ஆண்டு முதல் வயதைப் படிப்படியாகக் குறைத்து 50-க்குக் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் 2021-ம் ஆண்டில், 50 என்று இருந்த வயதை 45 ஆகக் குறைத்தார்கள்.

காரணம், பல பணக்கார நாடுகளில் 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த நோய் அதிகரித்து வருகிறது. "பிளாக் பாந்தர்" படத்தில் நடித்த சாட்விக் போஸ்மன் 2020-ம் ஆண்டில் இறந்தபோது அவருக்கு வயது 43. உடல் பருமன், புகை, மது, பதப்படுத்திய இறைச்சி, நார்ச்சத்து இல்லாத உணவு, உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவை இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும் என்பது தெரிந்த விஷயம். இளவயதினரிடம் ஏன் இப்படிக் கூடுகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவில் என்ன நிலை?

மேல்நாடுகளோடு பார்க்கும்போது இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் குடல் புற்றுநோய் குறைவுதான். 2016-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வகுத்த திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் புற்றுநோய், மார்புப் புற்றுநோய், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகிய மூன்றுக்குத்தான் பரிசோதனை உண்டு. குடல் புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை.

இது தவறா? உடனே தவறு என்று சொல்லிவிட முடியாது. எந்த நோய் அதிகம் கொல்கிறதோ, அதை முதலில் தேடுவதுதான் நியாயம். மூலமும் சீதபேதியும் அதிகமாக உள்ள நாட்டில், எல்லோருடைய மலத்தையும் சோதித்தால் ஏராளமான பேருக்கு ரத்தம் இருப்பதாகக் காட்டும். அத்தனை பேருக்கும் கொலனோஸ்கோப்பி செய்ய வசதி வேண்டும். வசதி இல்லாமல் குழாயை மட்டும் கொடுத்தால், ஹாலந்து பட்ட பாட்டைவிட அதிகம் பட வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லோருக்கும் பரிசோதனை இல்லை என்பதற்காக யாருக்குமே தேவையில்லை என்று ஆகிவிடாது. சில பேர் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்.

தாய், தகப்பன், உடன்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்கள் 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாகவோ, எது முந்தி வருகிறதோ அப்போது பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். தகப்பனாருக்கு 45 வயதில் வந்திருந்தால், மகன் 35 வயதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் எந்த வயதினரும் தாமதிக்கக் கூடாது:

மலத்தில் ரத்தம் போவது.

மலம் போகும் பழக்கம் மாறி, மூன்று வாரத்துக்கு மேலும் அப்படியே இருப்பது.

காரணம் தெரியாமல் உடல் இளைப்பது.

வயிற்றில் கட்டி தென்படுவது, ஓயாத வயிற்று வலி.

ரத்தசோகை. முக்கியமாக ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை வந்தால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

ரத்தம் போனால், "மூலமாகத்தான் இருக்கும்" என்று தானே முடிவு கட்டிக்கொள்பவர்கள் ஏராளம். சூடு என்று சொல்லி மோர் குடிப்பார்கள். கடையில் களிம்பு வாங்கிப் போடுவார்கள். வருஷம் ஓடிவிடும். பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் மூலம்தான் என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பெண்கள் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்வதில்லை. அந்த வெட்கத்துக்கு விலை உயிர்.

நல்ல பரிசோதனை எது? வெளிநாடுகளின் முப்பது ஆண்டு அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மிக நுட்பமான கருவி எது என்று பார்த்துப் பயனில்லை. ஏழையும் படிக்காதவரும் கூச்சமில்லாமல் செய்துகொள்ளக் கூடியதாக அது இருக்க வேண்டும். நோயின் தடம் தெரிந்தவுடன் காக்க வைக்காமல் சிகிச்சை தர டாக்டர்கள் இருக்க வேண்டும். இரண்டும் இருக்கும் நாட்டில் அந்தச் சிறு குழாய் உயிர் காக்கிறது. ஒன்று குறைந்தாலும் அது வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

அரசாங்கம் செய்ய வேண்டியது அது. குடும்பம் செய்ய வேண்டியதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. வீட்டில் பெரியவர் ஒருவர் பல நாளாக வயிறு சரியில்லை என்று சொன்னாலோ, சொல்லாமல் இளைத்துப் போனாலோ, இன்றே அவரிடம் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். நாளைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.